லினக்ஸ் கணினியில் டிவிடி: எந்தத் தட்டுக்கு எந்த வழி?

"லினக்ஸில் டிவிடி ஓடமாட்டேன் என்கிறது, எந்த பிளேயர் போடலாம்?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "எந்தத் தட்டு?" என்பதுதான். பிளேயரைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் வீண். விஎல்சியோ எஸ்எம்பிளேயரோ எம்பிவியோ, எதை எடுத்தாலும் டிவிடியைப் படிக்க உள்ளே உழைப்பவை ஏறத்தாழ அதே நூலகங்கள்தான், அதாவது பல மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் தொகுப்புகள்தான். ஆனால் தட்டுக்குத் தட்டு நோய் வேறு. ஒன்றில் பூட்டு இருக்கும். இன்னொன்றில் பூட்டே இருக்காது, கீறல்தான் இருக்கும். மூன்றாவது, டிவிடியே அல்ல என்று தெரியவரும்.

ஈரோடு, கோபி, திருப்பூர், பொள்ளாச்சிப் பக்கம் எந்த வீட்டு பீரோவைத் திறந்தாலும் கிடைக்கிற குவியலில் பொதுவாக நான்கு வகை உண்டு. உள்ளூர் ஸ்டூடியோக்காரர் எழுதிக் கொடுத்த கல்யாணம், காதுகுத்து, தெரட்டிச் சீர், கோயில் விசேஷம் ஆகியவற்றின் டிவிடிகள். கடையில் காசு கொடுத்து வாங்கிய படங்கள். தேர்க்கடையிலும் பஸ் நிலையத்திலும் வாங்கிய விசிடிகள். உடுக்கைப் பாட்டும் பக்திப் பாடலும் பெரும்பாலும் இதில்தான் இருக்கும். கடைசியாக, அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பங்காளி வரும்போது கொண்டுவந்த வெளிநாட்டுத் தட்டுகள். இந்த நான்கையும் ஒரே மருந்தால் குணப்படுத்தப் பார்ப்பதால்தான் பலரும் அலுத்துப்போய் "லினக்ஸே சரியில்லை" என்ற முடிவுக்கு வருகிறார்கள்.

அந்த முடிவைப் பற்றி ஒரு வார்த்தை. விண்டோஸுக்குத் திரும்பினால் தீர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 2012இல் வந்த விண்டோஸ் 8இலிருந்தே டிவிடி பார்க்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. அங்கேயும் பெரும்பாலானோர் விஎல்சியைத்தான் இறக்கிக்கொள்கிறார்கள். நம் பக்கம் லினக்ஸ் கணினிகள் இப்போது கூடிக்கொண்டிருப்பதற்குக் காரணமும் விண்டோஸ்தான். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாத பழைய அலுவலகக் கணினிகளில் லினக்ஸ் வகைகளான மின்ட்டையோ உபுண்டுவையோ ஏற்றிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பழைய பெட்டிகளில்தான் டிவிடி டிரைவும் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதற்கும் முன்பு, 2011 முதல் அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுக்குப் பக்கத்தில் பாஸ் என்ற இந்திய லினக்ஸும் இருந்தது. திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

முதலில் தட்டைத் திருப்பிப் பாருங்கள்

அடிப்பக்கம் ஊதா சாயலோடு மின்னினால் அது எழுதப்பட்ட டிவிடி, அதாவது ஸ்டூடியோத் தட்டு. பளிச்சென்ற வெள்ளியாக இருந்தால் ஆலையில் அச்சடித்தது, கடைத் தட்டு. பச்சையோ நீலமோ கலந்த வெளிறிய நிறம் என்றால் பெரும்பாலும் எழுதப்பட்ட சிடி. வெள்ளி நிறத் தட்டிலும் விசிடி உண்டு என்பதால், உள்ளே இருக்கும் கோப்புறைகளையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். வீடியோ டிஎஸ் என்ற கோப்புறையும் அதில் விஓபி, ஐஎஃப்ஓ கோப்புகளும் இருந்தால் டிவிடி. எம்பெக்ஏவி என்ற கோப்புறையும் அதில் டேட் கோப்புகளும் இருந்தால் விசிடி. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் கூட ஆகாது. ஆனால் இதைச் செய்யாமல் இணையத்தில் தேடி, கண்ட கட்டளைகளையெல்லாம் டெர்மினலில் ஒட்டுகிறவர்கள்தான் அதிகம்.

ஸ்டூடியோத் தட்டு: பூட்டு இல்லை, ஆயுள்தான் பிரச்சினை

கல்யாணத் தட்டில் எந்தப் பூட்டும் கிடையாது. உள்ளூர் ஸ்டூடியோக்கள் பயன்படுத்தும் டிவிடி எழுதும் மென்பொருள்களுக்குப் பூட்டுப் போடும் உரிமமும் இல்லை, வழியும் இல்லை. எனவே இதற்காகத் தனி நூலகம் எதையும் தேடி அலைய வேண்டியதில்லை. விஎல்சியை நிறுவி, ஊடக மெனுவில் வட்டைத் திறக்கச் சொன்னால் போதும். ரோஜா இதழ்கள் உதிரும் பின்னணியில் மாப்பிள்ளை, பெண் படங்களோடு மெனு வரும். நிச்சயம், இணைச்சீர், முகூர்த்தம், வரவேற்பு என்று பொத்தான்கள் இருக்கும். எம்பிவி இந்த மெனு விவகாரத்தில் அவ்வளவாக நாட்டம் காட்டாத பிளேயர். தலைப்பு எண்ணைச் சொல்லி நேராகப் படத்துக்குள் போவது அதன் பாணி. எனக்கு அது பிடிக்கும். ஆனால் வீட்டில் இருப்பவர்கள் மெனுவைத்தான் எதிர்பார்ப்பார்கள். "கண்ணு, இணைச்சீர் வந்ததும் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு அம்மிச்சி அடுக்களைக்குப் போய்விட்டால், பொத்தானை அழுத்தி அங்கே போக முடிகிற பிளேயர்தான் வேண்டும். வீட்டுப் பயன்பாட்டுக்கு விஎல்சியே போதும்.

உண்மையான தொல்லை எழுதப்பட்ட தட்டின் ஆயுள். ஆலையில் அச்சடித்த தட்டில் தகவல் குழிகளாகப் பதிந்திருக்கிறது. எழுதப்பட்ட தட்டிலோ ஒரு மெல்லிய சாயப் படலத்தை லேசர் சுட்டு உண்டாக்கிய தடம்தான் தகவல். வெயிலும் வெப்பமும் ஈரமும் அந்தச் சாயத்துக்கு ஆகாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இரும்பு பீரோவில் கரூர் வெயிலைப் பல கோடைகள் பார்த்த தட்டு, முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டு நாதஸ்வரம் ஏறும் இடத்தில் திக்கித் திக்கி நின்றுபோவதற்கு லினக்ஸைக் குறைசொல்லிப் பயனில்லை. மேல்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதியதும், ஒட்டிய ஸ்டிக்கர் சுருங்கிப் பாதி உரிந்து நிற்பதும் சேர்ந்துகொண்டால் சொல்லவே வேண்டாம்.

ஆகவே இந்த வகைக்கு, எந்த பிளேயர் என்பதைவிட எப்படிப் பிரதி எடுப்பது என்பதே கேள்வி. மூன்று வழிகள் இருக்கின்றன. விஓபி கோப்புகளை அப்படியே இழுத்து வன்தட்டில் போடலாம். நல்ல தட்டாக இருந்தால் இது நடக்கும். படிக்க முடியாத இடம் ஒன்று வந்தாலும் நகலெடுப்பது பிழைச்செய்தியோடு நின்றுவிடும். அடுத்தது, பிரசெரோ, கே3பி போன்ற வட்டு மென்பொருள்களில் ஐஎஸ்ஓ படிமம், அதாவது தட்டு முழுவதும் ஒரே கோப்பாக, எடுப்பது. இதுவும் ஆரோக்கியமான தட்டுக்குத்தான். மூன்றாவது டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவி. நான் வாக்களிப்பது இதற்கே.

டிடிரெஸ்க்யூவின் நுட்பம் எளிமையானது. முதல் சுற்றில் தட்டு முழுவதையும் ஓடவிட்டு, சிக்கலில்லாமல் படிக்கக் கிடைப்பதையெல்லாம் எடுத்துக்கொள்கிறது. அடம்பிடிக்கும் இடங்களைத் தாண்டிப் போய்விட்டு, எங்கெங்கே விட்டோம் என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துவைக்கிறது. அடுத்த சுற்றில் அந்த இடங்களுக்கு மட்டும் திரும்பிப் போய் மறுபடி மறுபடி முயல்கிறது. டிவிடியின் ஒரு துண்டு 2,048 பைட்டுகள் என்பதால் கட்டளையில் அந்த அளவைச் சொல்லிவிட வேண்டும். இதில் பலருக்குத் தெரியாத ஒரு வசதி, அதே தட்டை வேறொரு டிரைவில் போட்டு, அதே வரைபடக் கோப்போடு வேலையைத் தொடரலாம் என்பது. ஒரு டிரைவின் லேசருக்குத் தெரியாதது இன்னொன்றுக்குத் தெரியும். அப்பாவின் மேசைக் கணினியில் விட்டுப்போன இடங்கள், சித்தப்பா வீட்டு யுஎஸ்பி டிரைவில் நிரம்பிவிடுவது உண்டு. கல்யாண டிவிடி மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று, பெண் வீட்டுக்கு ஒன்று என்று கொடுக்கப்பட்டிருக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுத் தட்டு போனால், சம்பந்தி வீட்டில் கேட்டுப் பார்க்கலாம்.

தொடங்கும் முன் தட்டைத் துடைப்பது நல்லது. மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் விழும் கீறல் தடத்தின் போக்கிலேயே நீளமாக விழும். பிழைதிருத்தும் கணக்கால் அதை ஈடுகட்ட முடியாது. குறுக்கே விழும் கீறல்தான் தடத்தை மிகச் சிறிய தூரத்துக்கு வெட்டிவிட்டுப் போய்விடுகிறது. பற்பசை தேய்த்தால் சரியாகிவிடும் என்று சொல்பவரிடம் தட்டைக் கொடுக்காதீர்கள்.

கிடைக்கும் ஐஎஸ்ஓ கோப்பு, வழக்கமான ஒற்றை அடுக்குத் தட்டு என்றால், அதிகபட்சம் 4.7 ஜிபி. விஎல்சியில் நேரடியாகத் திறந்தால் மெனுவோடு அப்படியே ஓடும். ஒரு டிபி வன்தட்டில் இப்படி இருநூறு தட்டுகள் அடங்கும். அந்த அளவுக்கு விசேஷம் நடந்த குடும்பம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆகவே இடத்தை மிச்சப்படுத்துவதற்காக முதலிலேயே சுருக்கிவிட வேண்டாம். அசல் படிமம் பத்திரமாக இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பவும் கைப்பேசியில் பார்க்கவும் வேண்டியதை அதிலிருந்து பிறகு சுருக்கிக்கொள்ளலாம்.

கடைத் தட்டு: பூட்டும் சாவியும்

கடையில் வாங்கிய படங்களில்தான் நகலெடுப்பதைத் தடுக்கும் சிஎஸ்எஸ் என்ற பூட்டு வருகிறது. எல்லாவற்றிலும் அல்ல; மலிவு விலையில் வந்த தட்டுகளில் அது இல்லாமலும் இருக்கும். பூட்டு இருப்பதற்கு அடையாளங்கள் உண்டு. விஎல்சி வட்டைத் திறக்க முடியவில்லை என்று கைவிரிக்கும், அல்லது படம் பச்சையும் இளஞ்சிவப்புமாகக் கட்டம் கட்டமாகச் சிதறி வரும். கோப்பை நகலெடுக்கப் பார்த்தால் உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை வரும். கணினி தன் நடவடிக்கைகளைக் குறித்துவைக்கும் கர்னல் பதிவேட்டைத் திறந்தால், அனுமதி பெறாமல் கலைத்த பகுதியைப் படிக்க முயன்றாய் என்று டிரைவே புகார் எழுதிவைத்திருக்கும். இதைப் பார்த்துவிட்டுத் தட்டு கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு. தட்டுக்கு ஒன்றுமில்லை, சாவிதான் இல்லை.

1996இல் வந்த இந்தப் பூட்டு 40 பிட் சாவி கொண்டது. இன்றைய கணக்கில் அது பூட்டே அல்ல. 1999இல் நார்வேயைச் சேர்ந்த யோன் லெக் யோஹான்சன் என்ற பதினைந்து வயதுப் பையனும் பெயர் வெளியிடாத கூட்டாளிகளும் அதைத் திறக்கும் டிசிஎஸ்எஸ் நிரலை வெளியிட்டார்கள். யோஹான்சன் மேல் வழக்குப் போடப்பட்டது, 2003இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது, மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு. விலைக்கு வாங்கிய தட்டைத் தன் லினக்ஸ் கணினியில் பார்க்க விரும்பியது குற்றமாகவில்லை. அதற்குப் பிறகு விஎல்சியை உருவாக்கிய வீடியோலேன் குழு எழுதிய லிப்டிவிடிசிஎஸ்எஸ் என்ற சிறு நூலகம்தான் இன்று வரை எல்லோரும் பயன்படுத்துவது.

அப்படியானால் அது ஏன் உபுண்டுவோடு சேர்ந்தே வருவதில்லை? தொழில்நுட்பப் பூட்டைத் திறக்கும் கருவியை விநியோகிப்பதை அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. உலகம் முழுவதும் விநியோகிக்கும் நிறுவனங்கள் அந்த வம்பை விரும்புவதில்லை. நம் நாட்டில் 2012 திருத்தத்தில் பதிப்புரிமைச் சட்டத்துக்கு 65ஏ பிரிவு வந்தது. உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதற்குத்தான் அதில் தண்டனை. சட்டம் தடுக்காத காரியத்துக்காகத் திறப்பதற்கு விலக்கும் அதிலேயே இருக்கிறது. வாங்கிய படத்தை வீட்டில் உட்கார்ந்து பார்ப்பதும், பிரதி எடுத்து ஊருக்கெல்லாம் கொடுப்பதும் ஒன்றல்ல. நான் வக்கீல் இல்லை. ஆனால் அந்தப் பிரிவை ஒருமுறை படித்துப் பார்த்தால் தேவையில்லாத பயம் போய்விடும்.

இந்த நூலகம் என்ற சாவியை நிறுவும் முறை லினக்ஸின் விநியோகத்துக்கு விநியோகம், அதாவது வகைக்கு வகை, மாறுகிறது. உபுண்டு, டெபியன், மின்ட் குடும்பத்தில் லிப்டிவிடி-பிகேஜி என்ற மென்பொருள் பொதியை நிறுவ வேண்டும். இங்கேதான் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். அந்தப் பொதியில் நூலகம் இல்லை. நூலகத்தின் மூல நிரலை வீடியோலேன் தளத்திலிருந்து இறக்கி, உங்கள் கணினியிலேயே கட்டித் தரும் வேலைக்காரன்தான் அது. நிறுவிய பிறகு டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கட்டளையை அந்தப் பொதியின் பெயரோடு நிர்வாகி உரிமையில் ஒருமுறை ஓட்டி, வரும் கேள்விகளுக்கு ஆம் என்று சொன்னால்தான் வேலை முடியும். இணைய இணைப்பு வேண்டும். உபுண்டுவில் முதலில் மல்டிவர்ஸ் என்ற களஞ்சியம், அதாவது மென்பொருள் கிடங்கு, திறந்திருக்க வேண்டும். "ரெஸ்ட்ரிக்டட் எக்ஸ்ட்ராஸ் போட்டுவிட்டேனே" என்பார்கள்; அது ஒலி, ஒளி வடிவங்களுக்கான தொகுப்பு, இந்தப் பூட்டை அது திறக்காது.

ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃபியூஷன் களஞ்சியத்தைச் சேர்த்து, அதற்குள்ளும் டெயின்ட்டட் என்று தனியாகப் பிரித்து வைத்திருப்பதைச் சேர்த்தால்தான் கிடைக்கும். ஆர்ச்சில் வழக்கமான களஞ்சியத்திலேயே இருக்கிறது, ஒரே கட்டளை. டிவிடி பார்ப்பதற்காக ஒருவர் ஆர்ச்சுக்கு மாற வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

ஒரு எச்சரிக்கை. விஎல்சியை ஸ்னாப், ஃபிளாட்பேக் என்ற பொதி வடிவங்களில் ஒன்றாக நிறுவியிருந்தால், அது தனி அறைக்குள் ஓடுகிறது. கணினியில் நீங்கள் கட்டிவைத்த நூலகம் அதன் கண்ணுக்குத் தெரியாது. எல்லாம் சரியாகச் செய்தும் படம் வராமல் போனால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். களஞ்சியத்திலிருந்து வழக்கமான முறையில் நிறுவிய விஎல்சியே டிவிடிக்கு நல்லது.

பார்ப்பதா, பெயர்த்து எடுப்பதா?

சாவி கிடைத்துவிட்டால் தட்டைப் போட்டுப் பார்க்கலாம். அல்லது ஒருமுறை வன்தட்டுக்குப் பெயர்த்துவிட்டு, தட்டைப் பெட்டியில் பூட்டிவிடலாம். எப்போதாவது ஒரு படம் பார்ப்பவருக்கு முதல் வழி போதும். ஒரே கார்ட்டூன் தட்டைத் தினமும் கேட்டு அழும் குழந்தை வீட்டில் இருந்தால், இரண்டாவது வழிக்கு இன்றைக்கே போய்விடுங்கள்.

பெயர்க்க இரண்டு கருவிகள் பரவலாகப் புழங்குகின்றன. மேக்எம்கேவி தட்டில் இருக்கும் படத்தை மறு சுருக்கம் எதுவும் செய்யாமல் அப்படியே எம்கேவி கோப்பாக மாற்றிவிடும். தரம் ஒரு துளியும் குறையாது. நேரமும் தட்டைப் படிக்க ஆகும் நேரம்தான். பூட்டைத் தானே திறந்துகொள்ளும். தனி நூலகம் தேவையில்லை. தலைப்பு எண்களை 99 வரை நிரப்பிக் குழப்பி வைத்திருக்கும் தட்டுகளையும் பெரும்பாலும் சமாளித்துவிடும். குறை என்னவென்றால் அது முழுக் கட்டற்ற மென்பொருள் அல்ல. வழக்கமான களஞ்சியங்களில் கிடைக்காது. டிவிடி வரைக்கும் இலவசம் என்று அதன் ஆசிரியர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

ஹேண்ட்பிரேக் கட்டற்றது. அதற்குப் பூட்டைத் திறக்கத் தெரியாது. லிப்டிவிடிசிஎஸ்எஸ் இருந்தால் அதைத் துணைக்கு அழைத்துக்கொள்ளும். படத்தை எச்.264 போன்ற புதிய வடிவத்துக்குச் சுருக்கித் தரும். டிவிடித் தரப் படங்களுக்கு, தரத்தைக் குறிக்கும் ஆர்எஃப் மதிப்பு 18 முதல் 22 வரை வைக்கச் சொல்கிறது அதன் வழிகாட்டி. 20இல் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாமல் கோப்பு பல மடங்கு சிறுக்கும். பழைய கணினியில் ஒரு படத்துக்கு நல்ல நேரம் பிடிக்கும், மின்விசிறியும் இரையும். இரவில் ஓடவிட்டுப் படுக்கப் போகலாம்.

இவற்றில் ஒன்றைத்தான் எடுக்கச் சொன்னால், மேக்எம்கேவியில் பெயர்த்து, தேவைப்பட்டதை மட்டும் ஹேண்ட்பிரேக்கில் சுருக்குவேன். கட்டற்ற மென்பொருளைத் தவிர வேறு எதையும் தொடமாட்டேன் என்ற கொள்கை உள்ளவர்கள் டிவிடிபேக்அப் என்ற கட்டளைக் கருவியை எடுத்துக்கொள்ளலாம். அது பூட்டுத் திறந்த நிலையில் முழுக் கோப்புறையையும் மெனுவோடு நகலெடுக்கும்.

சுருக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கல்யாணப் படங்களுக்கு இது இன்னும் முக்கியம். நம் நாட்டு வீடியோ கேமராக்கள் 'பால்' எனப்படும் டிவி ஒளிபரப்பு முறையில், நொடிக்கு 25 படம், 720க்கு 576 புள்ளிகள் என்ற கணக்கில், ஒற்றைப்படை வரிகளைத் தனியாகவும் இரட்டைப்படை வரிகளைத் தனியாகவும் பதிந்தவை. பழைய குழாய் டிவியில் அது தெரியாது. கணினித் திரையில் தவில்காரரின் கை வேகமாக அசையும்போதும் வள்ளி கும்மியில் பெண்கள் சுழன்று திரும்பும்போதும் உருவத்தின் ஓரமெல்லாம் சீப்புப் பல்லைப் போல வரிவரியாகப் பிரிந்து நிற்கும். விஎல்சியில் டீஇன்டர்லேஸ் வசதியை இயக்கி யாடிஃப் முறையைத் தேர்ந்தால் சரியாகிவிடும். ஹேண்ட்பிரேக்கில் வடிப்பான்கள் பக்கத்தில் அதே வேலைக்கான அமைப்பு இருக்கிறது. அதை மறந்துவிட்டுச் சுருக்கினால் அந்த வரிகள் படத்திலேயே உறைந்துபோகும், பிறகு எடுப்பது கடினம். அசல் ஐஎஸ்ஓவை வைத்திருக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

4க்கு 3 என்ற, ஏறத்தாழச் சதுரமான படத்தை அகலத் திரைக்கு இழுத்துவிடும் பழக்கத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பந்தியில் உட்கார்ந்திருக்கும் மாமன்மார் எல்லோரும் ஒரு சுற்று பெருத்துப் போகிறார்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

விசிடி, வெளிநாட்டுத் தட்டு

விசிடி என்பது எம்பெக்-1 வடிவம், 352க்கு 288 புள்ளிகள். பூட்டு கிடையாது. ஆனால் லினக்ஸில் ஒரு விநோதம் உண்டு. டேட் கோப்பு கண்ணுக்குத் தெரியும், நகலெடுக்கப் போனால் பிழை வரும். அந்தக் கோப்பு சாதாரணத் தரவுப் பகுதியாக எழுதப்படாமல், பிழைதிருத்த இடத்தையும் படத்துக்கே ஒதுக்கிய வேறு வகைப் பகுதியாக எழுதப்பட்டிருப்பதுதான் காரணம். விஎல்சியில் வட்டைத் திறக்கும்போது டிவிடி என்பதற்குப் பதிலாக விசிடி என்று தேர்ந்தால் ஓடும். பிரதி எடுக்க விசிடிஇமேஜர் தொகுப்பில் இருக்கும் விசிடிஎக்ஸ்ரிப் கருவி, படத்தைச் சாதாரண எம்பெக் கோப்பாக உருவிக் கொடுத்துவிடும். ஒரு படம் இரண்டு, மூன்று தட்டுகளில் இருக்கும் என்பதால் வரிசையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணன்மார் கதையில் படுகளம் முடிந்த பிறகு குன்னுடையான் கல்யாணம் வந்தால் பாட்டன்மார் விடமாட்டார்கள்.

வெளிநாட்டுத் தட்டில், அது எந்த நாட்டுப் பகுதியில் ஓட வேண்டும் என்று குறிக்கும் மண்டல எண் குறுக்கே வரும். இந்தியா மண்டலம் 5, அமெரிக்கா 1. கணினி டிரைவுக்குள்ளேயே மண்டலம் பதியப்பட்டிருக்கும். அதை ஐந்து முறைதான் மாற்றலாம், பிறகு கடைசியாக வைத்ததிலேயே நின்றுவிடும். லிப்டிவிடிசிஎஸ்எஸ் பல நேரங்களில் மண்டலத்தைக் கடந்து, கணக்குப் போட்டே சாவியைக் கண்டுபிடித்துவிடும். சில டிரைவுகள் அதற்கும் இடம்கொடுக்காது. புதிதாக வாங்கிய டிரைவில் மண்டலம் எதுவுமே பதியப்படாமல் இருந்து, அதனால் உள்ளூர்த் தட்டுகூட அடம்பிடிப்பதும் உண்டு. ரீஜன்செட் என்ற சிறு கருவியால் ஒருமுறை 5 என்று பதிந்துவிட்டு அதோடு கையை எடுத்துவிடுங்கள். ஒரே ஒரு அமெரிக்கத் தட்டுக்காக மண்டலத்தை மாற்றி மாற்றி விளையாட வேண்டாம்.

பணம் கொடுக்கும் வழிகள்

உரிமம் பெற்ற பிளேயர்களை லினக்ஸுக்கு விற்ற நிறுவனங்கள் உண்டு. முறையாகப் பணம் கட்டித்தான் பார்க்க வேண்டும் என்ற அலுவலகக் கட்டுப்பாடு இருந்தால் தவிர, வீட்டுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். டிவிடியின் படம் எம்பெக்-2, ஒலி பெரும்பாலும் ஏசி-3. இரண்டுக்குமான அமெரிக்கக் காப்புரிமைகள் 2018க்குள் காலாவதியாகிவிட்டன. மெய்நிகர் கணினியில் விண்டோஸை ஏற்றி அதற்குள் டிவிடி பார்ப்பது இன்னொரு வழி. அது கழுதையைக் கட்டிக் குதிரையை ஓட்டும் வேலை.

காசு செலவழிக்க உருப்படியான இடம் யுஎஸ்பி டிவிடி டிரைவ். புதிய மடிக்கணினிகளில் டிரைவே வருவதில்லை. லினக்ஸில் இதற்குத் தனி டிரைவர் எதுவும் வேண்டாம், செருகினால் போதும். தட்டு சுழலத் தொடங்கிக் கிறீச்சிட்டு நின்றுபோனால், பெரும்பாலும் மின்சாரம் போதவில்லை என்று பொருள். முன்பக்க துளையையும் மலிவான ஹப்பையும் விட்டுவிட்டு, மேசைக் கணினியின் பின்பக்கத் துளையில் நேராகச் செருகுங்கள். இரண்டு முனைகள் கொண்ட கம்பி கூட வந்திருந்தால் இரண்டையும் செருக வேண்டும். தட்டை உள்ளிழுத்துக்கொள்ளும் துளை வகை டிரைவை வாங்காதீர்கள். பழைய கையடக்க கேமராக்களின் 8 செ.மீ. குட்டி டிவிடி அதில் மாட்டிக்கொள்ளும். தட்டை நீட்டும் வகையில்தான் அதற்கு இடம் உண்டு.

டிவியோடு இணைக்கும் தனி டிவிடி பிளேயர் மற்றொரு தேர்வு. கட்டளை, நூலகம், களஞ்சியம் எதுவும் வேண்டாம். ஆனால் கீறல் விழுந்த தட்டில் அது நின்றுவிட்டால், மேற்கொண்டு செய்ய ஒன்றுமில்லை. பிரதியும் எடுக்க முடியாது. பழைய பெட்டியில் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் துளைகள்தான் இருக்கும், புது டிவியில் அவை இருக்காது என்பதையும் வாங்கும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்படி எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால், ஸ்டூடியோத் தட்டுகள் மட்டுமே உள்ள வீட்டில் பூட்டு, சாவி என்ற பேச்சே வேண்டாம். விஎல்சி, டிடிரெஸ்க்யூ, ஒரு வன்தட்டு. அதையும் அடுத்த பங்குனிக்கு முன் முடித்துவிடுங்கள், இன்னொரு கோடையைத் தட்டு தாங்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. படத் தட்டுகள் அதிகம் உள்ளவர் லிப்டிவிடிசிஎஸ்எஸ்ஸை நிறுவிக்கொள்ளட்டும். ஒன்றிரண்டு அடம்பிடித்தால் மேக்எம்கேவி. தட்டைத் தன் கையால் போட்டு, ரிமோட்டில் தானே அழுத்திப் பார்த்துப் பழகிய அப்பாரையா வீட்டில் இருந்தால், பிரதிகளை நீங்கள் எடுத்துக்கொண்டு, டிவிடி பிளேயரை அவரிடமே விட்டுவிடுங்கள். விஎல்சியைக் கற்றுக்கொடுக்க உட்கார வேண்டாம். பெட்டியின் லென்ஸைத் துடைத்து, ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டுக் கொடுத்தால் போதும்.